ரெகுலேட்டரி மேசையில் நமக்கு நடந்தவை

பயோசிமிலர், அதாவது ஏற்கெனவே சந்தையில் உள்ள உயிரியல் மருந்துக்கு நிகரான மருந்து, செய்யும் கம்பெனி ஒன்றில் அரசு ஒப்புதல் வாங்கும் ரெகுலேட்டரி பிரிவுக்குத் தலைமை வகித்தபோது நடந்ததை எழுதுகிறேன். வருடம் 2019. கம்பெனி பெயர் வேண்டாம்.

புற்றுநோய்க்கான ஒரு ஆன்டிபாடி மருந்து, அதாவது இலக்கைக் குறிவைத்து ஒட்டும் புரதம். முதல் கட்ட மருத்துவ ஆய்வுக்கான பேட்ச்களை செல் வளர்த்து மருந்து எடுக்கும் 200 லிட்டர் டாங்கில் (பயோரியாக்டர்) எடுத்திருந்தோம். மூன்றாம் கட்டத்துக்கு 2,000 லிட்டருக்குப் போனார்கள். புதிய பேட்ச்கள் மூன்றுமே ஸ்பெசிஃபிகேஷனுக்குள், அதாவது வகுத்த தர வரம்புக்குள், இருந்தன. ஆனால் புரதத்தின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளில், ஃபியூக்கோஸ் என்ற சர்க்கரை இல்லாதவற்றின் அளவு மூன்றிலும் ஒரே பக்கமாகக் குறைந்திருந்தது. வித்தியாசம் சிறியதுதான். என்றாலும் இந்த வகை ஆன்டிபாடி, நோய் எதிர்ப்பு செல்களைக் கூப்பிட்டுப் புற்றுச் செல்லை அழிக்க வைக்கும் வேகம் இந்தச் சங்கிலிகளைப் பொறுத்தது. ஃபியூக்கோஸ் இல்லாதவை குறைந்தால் அந்த வேகமும் குறையும்.

“ஸ்பெக்குக்குள்தானே இருக்கிறது, ஒப்புதல் கேட்கும் டாசியரில் போட்டுவிடுவோம், குவெரி வந்தால் பதில் சொல்லலாம்” என்றார்கள். அந்த அறையில் இருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் தேதிதான் கண்ணில் இருந்தது.

நான் எப்ரெக்ஸ் கதையைச் சொன்னேன். இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்ல வேண்டிய கதை அது. சிறுநீரக நோயாளிகளுக்கான, சிவப்பணு உருவாக வைக்கும் எரித்ரோபொய்ட்டின் ஹார்மோன் ஊசி. 1998இல் ஐரோப்பாவில் மருந்து கெடாமல் இருக்க அதில் சேர்த்திருந்த மனித ஆல்புமினை எடுத்துவிட்டு பாலிசார்பேட் 80 சேர்த்தார்கள். அதன் பிறகு சில நோயாளிகளின் உடல், அந்த மருந்தையும் தன் சொந்த எரித்ரோபொய்ட்டினையும் சேர்த்தே எதிர்க்கும் ஆன்டிபாடிகளை உருவாக்கியது. எலும்பு மஜ்ஜை சிவப்பணு செய்வதையே நிறுத்திவிட்டது. ரப்பர் மூடியிலிருந்து கசிந்த பொருளா, புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதா, தோலுக்கடியில் போட்டதா என்று வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். காகிதத்தில் பார்த்தால் சின்ன மாற்றம்தான்.

தயாரிப்பு முறை மாற்றங்களுக்கான சர்வதேச வழிகாட்டியான ஐ.சி.எச். க்யூ5இ, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மருந்து அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. இருக்கிற வித்தியாசம் பாதுகாப்பையும் பலனையும் பாதிக்கவில்லை என்று நாம் காட்ட வேண்டும். அதனால் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வோடு, குறிப்பிட்ட பிரச்சினை பற்றிப் பேசும் டைப் 2 மீட்டிங் கேட்போம் என்றேன். அப்போது கோரிக்கை வைத்தால் 90 நாட்களுக்குள் நேரம் கிடைக்கும் என்று இருந்தது. இரண்டு வாரம் வாதாடி ஒப்புதல் வாங்கினேன்.

மீட்டிங்குக்கு முன் அனுப்பும் பிரீஃபிங் பேக்கேஜில் முதல் கேள்வியாகவே அந்த வித்தியாசத்தை வைத்தேன். நடுவில் எங்கோ 140ஆம் பக்கத்தில் வைக்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். மீட்டிங்குக்குச் சில நாள் முன்பே எஃப்.டி.ஏ.வின் முதற்கட்டக் கருத்து எழுத்தில் வந்தது. செல் அழிப்பு ஆய்வை இன்னொரு முறையில் செய்யுங்கள், 2,000 லிட்டர் பேட்ச்சை வைத்து ரத்தத்தில் மருந்தின் அளவை ஒப்பிடும் சிறிய ஆய்வு ஒன்றும் வேண்டும் என்றார்கள். தொலைபேசி மீட்டிங் நம் நேரப்படி இரவு ஏழரைக்கு. எங்களிடம் பேசியவர் ஒரு கேள்விதான் கேட்டார்: “இது ஏன் நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?” எங்கள் பிராசஸ் மேலாளர் பெரிய டாங்கில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு கூடியதைத் தரவோடு விளக்கினார். அன்று அவர் எங்களோடு உட்கார்ந்திருக்காவிட்டால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

சப்மிஷன் ஏழு மாதம் தள்ளிப்போனது. போட்டி மருந்து ஒன்று எங்களுக்கு முன் வந்துவிட்டது. அதற்காக என்மேல் கோபப்பட்டவர்கள் உண்டு. இன்றைக்கும் அதே முடிவைத்தான் எடுப்பேன்.

*

மேடம், என் அனுபவம் டெல்லியில். கோட்லா சாலையில், மத்திய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ.வின் நிபுணர் குழு முன்னால் முதல் தடவை போனபோது நாற்பது ஸ்லைடு வைத்திருந்தேன். முக்கால்வாசி நீங்கள் சொல்லும் சர்க்கரைச் சங்கிலிதான். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் தினமும் நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர்கள். “எத்தனை சென்டர்? அரசு மருத்துவமனை எத்தனை? ஆய்வு முடிந்த பிறகு அந்த நோயாளிக்கு மருந்து யார் தருவது?” என்று கேட்டார்கள். மூன்றாவதற்கு நான் தயாராகவே இல்லை. திருத்திக்கொண்டு வரச் சொன்னார்கள்.

எனக்கு அது பெரிய அடி. விலங்கு ஆய்வு வரை பயோடெக்னாலஜி துறையின் ஆர்.சி.ஜி.எம். குழு, மனிதர்களிடம் போகும்போது சி.டி.எஸ்.சி.ஓ. என்ற வரிசையும், 2016இல் திருத்திய சிமிலர் பயாலஜிக்ஸ் (பயோசிமிலருக்கு இந்தியாவில் உள்ள பெயர்) வழிகாட்டியும், 2019 புதிய மருந்து விதிகளும் மனப்பாடம். நோயாளியின் பக்கத்திலிருந்து ஒரு தடவைகூட ஆய்வுத் திட்டமான அந்த புரோட்டோகாலைப் படித்ததில்லை. அடுத்த முறை போவதற்கு முன் தெரிந்த ஒரு புற்றுநோய் மருத்துவரிடம் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் திட்டு வாங்கினேன். பன்னிரண்டு ஸ்லைடு, ஒப்புதல் கிடைத்தது.

*

நான் ரெஃபரன்ஸ் மருந்து, அதாவது பயோசிமிலரை ஒப்பிட்டுப் பார்க்கும் அசல் மருந்து, வாங்கும் வேலையில் இருந்தவன். மேடம் சொன்ன வித்தியாசம் அசல் மருந்திலும் வரும் என்பதை யாராவது எழுதியாக வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கான அசல் ஆன்டிபாடி மருந்து ஹெர்செப்டினிலேயே, 2018 ஆகஸ்ட் முதல் 2019 டிசம்பர் வரை காலாவதித் தேதி இருந்த லாட்களில் (பேட்ச்களில்) செல் அழிக்கும் திறன் முந்தைய லாட்களைவிட இறங்கியிருந்தது என்று கொரிய நிறுவனம் ஒன்றின் விஞ்ஞானிகள் 2017இல் வெளியிட்டார்கள். நாம் துரத்துகிற இலக்கே நகர்கிறது. ஒரே சமயத்தில் பத்து லாட் வாங்கி ஒப்பிட்டிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

அதனால் திட்டம் தொடங்கும் நாளிலிருந்தே, வருடத்துக்கு இத்தனை லாட் என்று இடைவெளி விட்டு வாங்கச் சொல்லுங்கள். ஃபைனான்ஸ் ஒப்புக்கொள்ளாது. ஒவ்வொரு குப்பியும் பெரிய தொகை, 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளவும் வேண்டும். அந்தச் சண்டையைப் போட வேண்டியது ரெகுலேட்டரி தலைவர்தான், கொள்முதல்காரன் சொன்னால் எடுபடாது. எனக்காக ஒரு தலைவர் அந்தச் சண்டையைப் போட்டார். நான்கு வருட லாட்கள் கையில் இருந்தன.

*

முதல் பதிவு எழுதியவள்தான். லாட் விஷயம் எழுதிய சாருக்கு நன்றி, எங்களிடம் பதினெட்டு மாத லாட்கள் மட்டுமே இருந்தன. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

டெல்லி நண்பரிடம் கேட்ட மூன்றாவது கேள்வி இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் புரோட்டோகாலில் அதற்கு ஒரு வரி இருந்தது. யார் எழுதினார்கள் என்று பழைய மெயிலைத் தேடிப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண். அன்று நான் அதைக் கவனிக்கவே இல்லை. இன்று காலை அவளைக் கூப்பிட்டுப் பேசினேன்.