வார்ப்டு வால்: சாய்சுவரா, வளைசுவரா?

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கன் நிஞ்சா வாரியர் என்ற தடைதாண்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெண்கள் போட்டிக்குத் தமிழில் துணைவரி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலை துணைவரிக் கோப்பை அனுப்பியாக வேண்டும். ‘வார்ப்டு வால்’ என்ற தடையின் பெயரில் சிக்கி நிற்கிறேன். தரையிலிருந்தே வளைந்து எழும்பி, உச்சியில் ஏறக்குறைய செங்குத்தாகிவிடும் வழவழப்பான சுவர். ஓடி வந்த வேகத்தில் நாலைந்து எட்டு வைத்து, எம்பி விளிம்பைப் பிடிக்க வேண்டும். இப்போதைக்குச் ‘சாய்சுவர்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

*

சாய்சுவர் வினைத்தொகை. சாய்ந்த சுவர், சாய்கின்ற சுவர், சாயும் சுவர் மூன்றும் அதற்குள் உண்டு. அடைமழைக் காலத்தில் ‘சாயும் சுவர்’ என்றால் ஊரில் என்ன நினைப்பார்கள்? இயற்பியல் பாடத்தில் வரும் சாய்தளம் நேரான பலகை. அதில் நடந்தே ஏறிவிடலாம். இங்கே சிரமமே வளைவில்தான். ‘வளைசுவர்’ என்று எழுதுங்கள். நடுவில் ‘ச்’ வேண்டாம். வளைச்சுவர் என்றால் வளையலோ எலிவளையோ வந்துவிடும்.

*

ஐயா, ஒற்று இல்லாவிட்டாலும் எனக்கு வளையல் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. 2014இல் டாலஸ் தகுதிச் சுற்றில் அந்த 14 அடிச் சுவரை ஏறி முடித்த முதல் பெண் கேசி கட்டன்சாரோ. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை, உயரம் ஐந்தடிதான். கையை முழுசாக நீட்டினாலும் விளிம்புக்கு வெகுதூரம். ஆண்கள் ஏறிய அதே சுவர். பெண் என்று ஓர் அங்குலம்கூடக் குறைக்கவில்லை. அதற்கு வைக்கும் பெயரில் ‘வளை’ எதற்கு? ‘ஏறுமதில்’ என்போம்.

*

அம்மா, எல்லா மதிலும் ஏறுமதில்தானே? மூலத்துக்குப் போவோம். இந்தத் தடை ஜப்பானில் 1997இல் தொடங்கிய ‘சசுகே’ நிகழ்ச்சியிலிருந்து வந்தது. அங்கே இதன் பெயர் ‘சொரிதத்சு கபே’. ‘சொரி’ என்பது பின்வாங்கி வளைதல். சாமுராய் வாளின் வளைவுக்கும் அதே சொல். நம்மிடமும் வாளோடு சேர்ந்த சொல் இருக்கிறது: கொடு, அதாவது வளைந்த. கொடுவாள், வில்லுக்குக் கொடுமரம், செங்கோலுக்கு எதிரே கொடுங்கோல். ஆகவே ‘கொடுமதில்’.

சசுகேயின் பெண்கள் போட்டிக்குக் ‘குனோயிச்சி’ என்று பெயர். பெண் என்பதற்கான எழுத்தைக் ‘கு’, ‘நோ’, ‘இச்சி’ என மூன்று கீற்றாகப் பிரித்துச் செய்த சொல் அது. என்ன அழகு! தொல்காப்பியம், கோட்டை முற்றுகையைப் பாடும் உழிஞைத் துறைகளில் ‘மதில்மிசைக்கு இவர்ந்த மேலோர் பக்கம்’ என்கிறது. இவர்தல் என்றால் ஏறுதல். ‘இவர்மதில்’ என்றும் சொல்லலாம்.

*

ஐயா, இவர்மதில் என்றால் ‘எவர் மதில்?’ என்று கேட்பார்கள். இன்று ஒன்பதாம் வகுப்பில் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். ‘கொடுமதில்’ என்று பலகையில் எழுதினால் கொடூரமான மதில் என்கிறார்கள். பெயர் வைக்கச் சொன்னதும் பாதிப் பேர் ‘வளைஞ்ச சுவர்’ என்றார்கள். ஒரு மாணவி மட்டும் ‘மரணக் கிணறு மாதிரி’ என்றாள். பொருட்காட்சியில் பைக் சுற்றி ஏறுமே, அது. வேகம் குறைந்தால் கீழேதான் என்பதை அவள் சட்டென்று பிடித்துவிட்டாள். நாம் யாரும் அதைச் சொல்லவில்லை.

*

கொடுக்காய்ப்புளி தின்கிற பிள்ளைக்குக் ‘கொடு’ புரியாதா? காயைக் கையில் கொடுத்து வளைவைக் காட்டுங்கள், புரிந்துவிடும். புரியவில்லை என்றே சொல்லிச் சொல்லித்தான் பாதிச் சொற்களைத் தொலைத்தோம்.

*

எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன்: தனிமடல்களையும் சேர்த்து வளைசுவருக்கு ஆறு பேர், கொடுமதிலுக்கு இரண்டு, ஏறுமதிலுக்கு ஒன்று. வளைசுவர் என்றே போட்டுக் கோப்பை அனுப்பிவிட்டேன். துணைவரி இரண்டு நொடிதான் திரையில் நிற்கும். அதற்குள் கண்ணில் பட்டுப் புரிய வேண்டும். அக்கா, வளையல் பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் காட்சியில் சுவரே எதிரே நிற்பதால் வளையல் நினைவு வராது என்று நம்புகிறேன்.

*

அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும், தம்பி. என் கருத்தில் மாற்றமில்லை. அப்புறம் இன்னொன்று: சுவர் வீட்டுக்கு, ஏறிக் கடப்பது மதில். அடுத்த பகுதி வருவதற்குள் ‘மதில்’ என்றாவது மாற்றப் பாருங்கள்.