வார இறுதிக் கார்ப் பயணமும் புதிய இசையும்: பாட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி சரிதானா?

வழித்துணை:

நண்பர்கள் நால்வர் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குக் காரில் போய் ஞாயிறு இரவு திரும்பினோம். புறப்படுமுன் எங்களுக்குள் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். மற்ற மூவரும் கேட்டிராத இசையை ஆளுக்கு ஒரு மணி நேரம் ஒலிக்கவிட வேண்டும்; அந்த நேரத்துக்குள் பாட்டைத் தாண்டச் சொல்லவோ பாதியில் நிறுத்தவோ யாருக்கும் உரிமை இல்லை. வார இறுதிகளில் ஒன்றாகப் பயணம் போகும் எல்லோரும் இந்த விதியைக் கைக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

திண்டிவனம் வரும்வரை ஒரு நண்பர் வடசென்னைக் கானாவையும், கானாவை ராக், ராப் இசையோடு சேர்த்து 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் பாடல்களையும் ஒலிக்கவிட்டார். கானா என்றால் திரைப்படத்தில் வரும் துள்ளல் பாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். சாவு வீட்டில் இரவெல்லாம் உட்கார்ந்து பாடும் மரண கானா என்று ஒன்று உண்டு என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். சேத்தியாத்தோப்பைக் கடந்து வீராணம் ஏரிக்கரையோடு போகையில் இன்னொருவர் மாலி நாட்டின் அலி ஃபர்க்கா டூரேயுடைய கிதார் இசையை வைத்தார். முதல் பத்து நிமிடம் எனக்கு அலுப்பாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஒரே சுரக்கோவை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கைப்பேசி என்னிடம் இருந்திருந்தால் அடுத்ததற்குத் தாவியிருப்பேன். தாவ வழியில்லாததால் கேட்டேன். நைஜர் ஆற்றங்கரையில் நியாஃபுன்கே என்ற ஊரில் நிலத்தை உழுது பயிர் செய்துகொண்டே இசைத்தவர் அவர் என்று நண்பர் சொன்னபோது, ஒருபுறம் ஏரியும் மறுபுறம் வயலுமாக ஓடிக்கொண்டிருந்த அந்தச் சாலையில் அந்தத் திரும்ப வருதல் ஏற்றத்தில் நீர் இறைப்பவரின் தாளம்போல எனக்குக் கேட்கத் தொடங்கியது. அணைக்கரை வந்தபோது யாரும் பேசவில்லை. அன்று தாண்டும் உரிமை எனக்கு இருந்திருந்தால் இந்த இசை எனக்குக் கிடைத்திருக்காது.

பின்னிருக்கை:

நண்பர் வழித்துணையின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை ஏற்கவில்லை. நண்பர்கள் என்பவர்கள் பெரும்பாலும் ஒரே கல்லூரியில் படித்து, ஒரே படங்களைப் பார்த்து, ஒரே பாடல்களோடு வளர்ந்தவர்கள். உங்கள் நால்வரில் ஒருவருக்கு மாலி நாட்டு இசை தெரிந்திருந்தது நல்ல வாய்ப்பு. என் நண்பர்கள் நால்வரையும் காரில் ஏற்றினால், 1992க்கு முன்பா பின்பா என்ற இளையராஜா, ரஹ்மான் வழக்கைத்தான் செங்கல்பட்டிலிருந்து திருச்சிவரை மீண்டும் நடத்துவோம்.

எனக்குப் புதிய இசையைக் காட்டியது கைப்பேசியின் இசைச் செயலிதான் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. நான் விரும்பிக் கேட்டவற்றை விரும்பிய மற்றவர்கள் வேறு எதையெல்லாம் கேட்டார்கள் என்று கணக்கிட்டு அது பரிந்துரைக்கிறது. மோகன ராகம் சார்ந்த வாத்திய இசையைத் தொடர்ந்து கேட்டுவந்த எனக்கு ஒரு நாள் எத்தியோப்பிய இசைக்கலைஞர் முலாட்டு அஸ்டாட்கேயை அது கொண்டுவந்து நிறுத்தியது. எத்தியோப்பியர்களிடம் திசித்தா என்றொரு ஐந்து சுர அமைப்பு உண்டு. அதன் ஒரு வகை, நம் மோகனத்தில் வரும் அதே ஐந்து சுரங்களால் ஆனது. என் ஊரில், என் அலுவலகத்தில், என் உறவில் யாரும் இதை எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

விதியின் இரண்டாம் பகுதி இன்னும் கடுமையானது. பிடிக்காத ஒன்றை அறுபது நிமிடம் கேட்கவைத்தால் வெறுப்புதான் மிஞ்சும். ஒருமுறை ஏலகிரிக்குப் போகும்போது ஒரு நண்பர் இப்படி வலிந்து ஒலிக்கவிட்ட இசையை இன்றுவரை என்னால் திறந்த மனத்தோடு கேட்க முடியவில்லை. அந்த இசையின்மீது குற்றமில்லை என்று தெரிந்தும் இதுதான் நிலைமை.

ஓட்டுநர் இருக்கை:

ஒவ்வொரு பயணத்திலும் வண்டி ஓட்டுபவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. அடுத்த பாட்டைத் தேட ஓட்டுபவர் மூன்று நொடி கைப்பேசியைப் பார்த்தால் 66 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை அபாயகரமாக ஓட்டுதல் என்றே சொல்கிறது. ஆகவே தாண்டக் கூடாது என்ற விதியை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்; அதற்கு என் காரணம் இசை அன்று. ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் பழகாத இசை வேண்டாம். மெதுவாகச் சுழன்று சுழன்று வரும் இசை எனக்குத் தூக்கத்தைக் கொண்டுவருகிறது. அந்த நேரத்தில் எனக்கு வரி தெரிந்த, கூடவே பாடக்கூடிய பாட்டு வேண்டும். இதில் எவரோடும் பேரம் பேச நான் ஆயத்தமாக இல்லை.

சீவாளி:

நண்பரின் தேர்வா செயலியின் தேர்வா என்று இருவரும் வாதிடுகிறீர்கள். கார் புதிய இசையைக் கேட்பதற்கு ஏற்ற இடம்தானா என்பதை இருவரும் கேட்கவில்லை.

சக்கரம் தரையில் உராயும் ஓசையும் காற்றின் இரைச்சலும் குளிர்சாதனத்தின் ஒலியும் சேர்ந்து, இசையில் மெல்லியதாக இருக்கும் அனைத்தையும் விழுங்கிவிடுகின்றன. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே உரத்தில் ஒலிக்குமாறு பதிவுசெய்யப்பட்ட திரைப்பாடல் அந்த இரைச்சலைத் தாக்குப்பிடிக்கும். வீணையின் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிக்கும் நுணுக்கம், தாக்குப்பிடிக்காது. ஆலாபனை மெதுவாகக் கீழ்ஸ்தாயியில் இறங்கும்போது ஒன்றும் கேட்காது. மேலே ஏறும்போது திடீரென்று காதைத் துளைக்கும். அதைக் கேட்டுவிட்டு, கர்நாடக இசை எனக்கு ஒத்துவரவில்லை என்று முடிவு கட்டிய பலரை எனக்குத் தெரியும். அவர்கள் கேட்டது பாதி இசைதான்.

வழித்துணை அவர்களிடம் ஒரு கேள்வி. கும்பகோணம் வரை வந்திருக்கிறீர்கள். அங்கிருந்து மயிலாடுதுறை சாலையில் சிறிது தொலைவில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தை வாங்கி, அதைக் கடைந்து நாகசுரம் செய்யும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அந்த நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீளம் குறைந்து சுருதி உயர்ந்த திமிரிக்குப் பதிலாக, நீண்டு, சுருதி தாழ்ந்த பாரி நாகசுரம் இன்று எங்கும் நிலைபெற்றிருப்பதற்கு அந்த ஊர் ஆசாரியின் கையும், பக்கத்து ஊரான திருவாவடுதுறையின் ராஜரத்தினம் பிள்ளையின் காதும் காரணம். மாலி நாட்டு ஆற்றங்கரையைப் பற்றி நெகிழ்ந்து எழுதிய நீங்கள், காவிரிக்கரையில் காரை நிறுத்தி இறங்கினீர்களா?

இதைச் சண்டைக்காகக் கேட்கவில்லை. என் தாத்தா கோயிலில் நாகசுரம் வாசித்தவர். இன்று எத்தனையோ கோயில்களில் மாலைப் பூசைக்கு மின்மேளத்தைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். வாசிக்க ஆள் இருக்கும் கோயிலிலும் நின்று கேட்க ஆள் இல்லை. சுவாமி புறப்பாட்டின்போது கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு இசை தொடங்கினால், தவிலின் அடி காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் விழும். அதை எந்தக் காரின் ஒலிபெருக்கியும் உங்களுக்குத் தராது. உங்கள் வார இறுதியின் நான்கு மணி நேரத்தைக் கண்ணாடி ஏற்றிய காருக்குள் செலவிட்டுவிட்டு, இசையைக் கண்டடைந்தோம் என்று நீங்கள் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வழித்துணை:

சீவாளி அவர்களே, இறங்கவில்லை. நரசிங்கம்பேட்டையைப் பற்றி எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தெரியாது. இது எங்கள் குறை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் உங்கள் வாதம் என் விதியைத் தொடவில்லை. இறங்கிக் கேட்கும் இசை அந்த ஊருக்கு உரியது; அந்த நேரத்துக்கு அங்கே இருந்தால் கிடைக்கும். மாலி நாட்டு இசைக்கு நான் எந்த ஊரில் இறங்குவது? கானா பாடும் வீட்டுக்கு முன்பின் அறியாத நான் எப்படிப் போவது? நண்பர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துச் செல்வதுபோல இருந்ததால்தான் அந்த இசைக்குள் நுழைந்தேன். காரின் இரைச்சலில் பாதி கேட்டது உண்மை. வீட்டுக்கு வந்தபின் மீதியைக் கேட்டேன். அந்தப் பாதி இல்லாவிட்டால் மீதியைத் தேடியே இருக்க மாட்டேன்.

பின்னிருக்கை அவர்களின் வாதத்துக்கு என் பதில் வேறு. செயலி ஒன்றைப் பரிந்துரைத்தால் அதை நிராகரிப்பதில் எனக்கு எந்த இழப்பும் இல்லை. நண்பர் பல நாள் யோசித்து எடுத்துவந்ததை நிராகரிக்குமுன் ஒரு தயக்கம் வருகிறது. அந்தத் தயக்கத்தின்போது காது திறக்கிறது. அவர் ஏன் இதை எனக்கென்று கொண்டுவந்தார் என்று கேட்டுக்கொண்டே கேட்கிறேன். திரும்பத் திரும்ப எதிர்ப்படும் ஒன்றின்மீது மனிதருக்கு விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் எழுதினார். முதல் நிமிடத்திலேயே தாண்டிவிடுபவருக்கு அந்த இரண்டாம் சந்திப்பு எப்படி வாய்க்கும்?

பண்பலை நேயர்:

நான் தேனிப் பக்கத்தவன். வயதில் உங்களையெல்லாம்விட மூத்தவனாக இருப்பேன். எங்கள் இளமையில் தாண்டக் கூடாது என்று விதி வகுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வானொலி வைத்தால் வருவதைக் கேட்க வேண்டும்.

கொடைக்கானல் மலைமேல் நிற்கும் கோபுரத்திலிருந்து வரும் கோடைப் பண்பலை, 100.5இல், மதுரையிலும் திண்டுக்கல்லிலும் தேனியிலும் கேட்கும். பண்பலை நேர்கோட்டில் செல்வதால் உயரத்தில் இருக்கும் கோபுரத்துக்கு அவ்வளவு பரப்பு கிடைக்கிறது. வத்தலக்குண்டைக் கடந்து மலைச்சாலையில் ஏறும்போது ஒரு வளைவில் பாட்டு அறுபடும், அடுத்த வளைவில் அதே பாட்டின் சரணத்தில் வந்து சேரும். இடையில் போன வரி என்னவாக இருக்கும் என்று காருக்குள் எல்லோரும் பேசிக்கொள்வோம். இன்றும் என் பிள்ளைகளோடு போகும்போது வானொலியைத்தான் வைக்கச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு இல்லாவிட்டால், பைலா என்ற இலங்கை ஆட்டப் பாட்டின் துள்ளலோடு அங்கே வளர்ந்த தமிழ்ப் பாப் இசையும் பாடகர் சிலோன் மனோகரின் குரலும் எங்கள் ஊர்த் தேநீர்க் கடைக்கு வந்திருக்காது. அதை எங்களுக்கு எந்த நண்பரும் தேர்ந்தெடுத்துத் தரவில்லை. எங்கள் பழைய விருப்பங்களைக் கணக்கிட்டு எந்த இயந்திரமும் தரவில்லை. முகம் தெரியாத ஓர் அறிவிப்பாளர், முகம் தெரியாத எங்களுக்காகத் தேர்ந்தெடுத்தார். பின்னிருக்கைத் தம்பி சொல்லும் செயலி, தம்பிக்கு மோகனம் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு மோகனத்தின் உறவையே தேடித் தந்திருக்கிறது. மோகனத்தோடு எந்த உறவும் இல்லாத ஒன்றை அது எப்போது தரும்?

பின்னிருக்கை:

ஐயா, உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. செயலி எனக்குப் பழக்கமானதன் அருகிலேயே என்னை நடத்திச் செல்கிறது என்பது உண்மை. ஆனால் வானொலியும் வெறுமனே திறந்த கதவாக இருக்கவில்லை. அறிவிப்பாளர் விரும்பாததை, நிலையத்தில் இசைத்தட்டு இல்லாததை நீங்கள் கேட்டிருக்க வழியில்லை. எத்தியோப்பியா அன்று தேனிக்கு வரவில்லை. வழித்துணை அவர்களின் விதியை ஒரு திருத்தத்தோடு ஏற்கிறேன்: ஒரு மணி நேரத்தை இருபது நிமிடமாகக் குறையுங்கள். தயக்கம் காதைத் திறக்க இருபது நிமிடம் போதும். அதற்குமேல் போனால் அது நட்பைச் சோதிப்பதாகிவிடும்.

வழித்துணை:

இருபது நிமிடம் போதாது. வீராணத்தில் பத்தாவது நிமிடத்தில் அலுப்பு உச்சத்தில் இருந்தது; இருபதாவது நிமிடத்தில் அது சற்றுத் தணிந்திருந்தது, அவ்வளவுதான். நாற்பது என்றால் ஒப்புக்கொள்கிறேன். இரவு பத்துக்கு மேல் ஓட்டுநர் சொல்வதே சட்டம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

சீவாளி:

நீங்கள் நிமிடக் கணக்கில் உடன்பாட்டை நெருங்கிவிட்டீர்கள். என் மறுப்பு அப்படியே நிற்கிறது. பாதி இசை மீதியைத் தேடவைத்தது என்று வழித்துணை எழுதியிருக்கிறார்; அது அவருக்கு நடந்தது. பாதியோடு நின்றுவிட்டவர்கள்தான் என் கண்ணில் அதிகம் படுகிறார்கள்.

ஆயினும், நண்பர் கையைப் பிடித்து அழைத்துச் செல்வதைப் பற்றி அவர் எழுதியது என்னை யோசிக்கவைத்தது. என் தாத்தாவின் வாசிப்பை நான் கேட்கத் தொடங்கியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனதால்தான். ஆகவே அடுத்த முறை நீங்கள் கும்பகோணம் வரும்போது, கோயிலில் புறப்பாடு உள்ள நாளாகப் பார்த்து வாருங்கள். அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். தவில்காரர் வாரை இழுத்துக் கட்டி விரலால் தட்டிப் பார்ப்பதையும், நாகசுரக்காரர் ஊதும் முனையில் செருகும் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திச் சுருதி சேர்ப்பதையும் அருகில் நின்று பாருங்கள். மல்லாரிக்குப் பாட்டு வரி கிடையாது. பிடித்துக்கொள்ளச் சொல் எதுவும் இல்லாத இசை அது. வீதி முழுவதும் கூடவே நடந்து வாருங்கள். அது நாற்பது நிமிடத்தில் முடியாது, நடுவில் தாண்டவும் முடியாது.