ஸ்டோர்ஸ்ல கம்ப்யூட்டர் வந்ததுல இருந்து கழுத்து வலி, கண் எரிச்சல். வயசு 56, என்ன பண்றதுங்க?

கோவை_ஸ்டோர்ஸ்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல ஸ்டோர்ஸ் பாக்கறனுங்க, சர்வீஸ் 29 வருசம். இத்தன நாளும் பின் கார்டு (ஒவ்வொரு சாமானோட இருப்புக் கணக்கு அட்ட), இண்டென்ட் சீட்டுனு (சாமான் கேட்டு எழுதற சீட்டு) கையில எழுதித்தான் ஓடுச்சு. போன தீபாவளிக்கு அப்புறம் எல்லாம் ஈஆர்பினு ஒரு சாப்ட்வேர் போட்டு கம்ப்யூட்டர் வெச்சுட்டாங்க, ஒரு பேரிங் வெளிய போறதுனாலும் என்ட்ரி போட்டாத்தான் போகும். வேல பழகிருச்சுங்க, அதுல ஒண்ணுமில்ல, உடம்புதான் கேக்க மாட்டேங்குது. மத்தியானம் 3 மணிக்கெல்லாம் கண்ணுல மண்ணு விழுந்தாப்ல உறுத்துது, பின்கழுத்துல இருந்து வலது தோள்பட்ட வரைக்கும் இழுத்துப் புடிக்குது, இப்ப சட்ட போடக் கைய பின்னால கொண்டு போறதே சிரமமா இருக்கு. பைபோக்கல் கண்ணாடி போடறேன், சுகர் 11 வருசமா இருக்கு. அதே சீட்ல நைட் ஷிப்ட் உக்கார்ற பையனுக்கு ஒண்ணும் பண்ணல, உங்களுக்கு வயசாயிருச்சுங்கண்ணானு சொல்றான். வயசுதானுங்களா காரணம்? இன்னும் 2 வருசம் வேல இருக்குதுங்க.

கண்ணாடிக்காரன்:
அண்ணா, நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் பவர் டெஸ்ட் பண்றவன். கண்ணும் கழுத்தும் ரெண்டு தனி பிரச்சனைனு நினைக்காதீங்க, ரெண்டுக்கும் உங்க பைபோக்கல் ஒரு காரணமா இருக்கலாம். 40 தாண்டினாலே வெள்ளெழுத்து, அதாவது கிட்டத்துல எழுத்து சரியா தெரியாம போறது, வந்துடும், படிக்கிற பவர் கீழ்ப்பகுதில இருக்கும், அதுவும் புஸ்தகம் கையில பிடிக்கிற 40 செமீ தூரத்துக்குப் போட்டது. உங்க மானிட்டர் 60, 65 செமீ தள்ளி இருக்கும், அதுவும் கண்ணுக்கு நேரா. அப்ப என்ன ஆகும், எழுத்து தெரியணும்னு தாடைய தூக்கிட்டு கீழ்க்கண்ணாடி வழியா பாப்பீங்க, தலையும் முன்னாடி போகும், 8 மணி நேரம் பின்கழுத்து அப்படியே இறுகி நிக்கும். அந்தப் பையனுக்கு இந்த வேலையே இல்ல, அவன் கண்ணு தானா ஃபோகஸ் பண்ணிக்கும். நாளைக்கு ஒரு இன்ச் டேப் எடுத்துட்டுப் போயி நீங்க வழக்கமா உக்கார்ற மாதிரி உக்காந்து கண்ணுல இருந்து ஸ்க்ரீன் வரைக்கும் அளந்து, அந்த அளவ டெஸ்ட் பண்றவங்க கிட்ட சொல்லி கம்ப்யூட்டருக்குனு தனி கண்ணாடி போட்டுக்கோங்க. அது வர்ற வரைக்கும் மானிட்டருக்கு அடியில எதாவது பெட்டி வெச்சிருந்தா எடுத்துட்டு கீழ இறக்குங்க. ஸ்க்ரீன் மேல்விளிம்பு கண் மட்டத்துலனு எல்லாரும் சொல்றது பைபோக்கல் போடாதவங்களுக்கு. உறுத்தல், ஸ்க்ரீன் பாக்கும்போது கண் சிமிட்டறது ரொம்ப குறைஞ்சிடும், வயசானா கண்ணீரும் குறையும், ஃபேன் காத்து நேரா மூஞ்சில அடிச்சா இன்னும் மோசம். சுகர் இருக்கறதால ரெட்டினா (விழித்திரை) செக்கப் வருஷா வருஷம் பண்றீங்களா? பண்ணலைனா அதுதான் முதல்ல.

ரிடையர்டு_பேங்க்:
தம்பி, எனக்கு 68 வயசு, மதுரைல ஒரு பேங்க்ல கிளார்க்கா இருந்தேன். லெட்ஜர் இருந்த காலத்துல ஒரு செக் வந்தா எந்திரிச்சுப் போயி லெட்ஜரத் தூக்கிட்டு வரணும், கையெழுத்து பாக்க இன்னொரு மேஜைக்குப் போகணும், ஆபீசர்ட்ட பாஸ் வாங்கணும், நாள் பூரா நடைதான். கோர் பேங்கிங்னு எல்லாக் கணக்கும் கம்ப்யூட்டருக்கு வந்ததும் எல்லாம் உக்காந்த எடத்துல முடிஞ்சுருச்சு, ஆனா டோக்கன் கூட்டம் கொறையல. சோலி சுளுவாச்சு, இடுப்பும் முட்டியும் போச்சு, எங்க பிராஞ்ச்ல 50 தாண்டின நாலஞ்சு பேருக்கு இதே கததான். ரேக்குக்கு நடந்து போறத நிப்பாட்டிராத, சாமான யாரையும் எடுத்துட்டு வரச் சொல்லாத, நீயே போ.

லண்டன்_தமிழச்சி:
இங்க 1992ல இருந்து இதுக்கு சட்டமே இருக்கு, ஸ்க்ரீன்ல வேலை பாக்கறவங்க கேட்டா கண் டெஸ்ட் செலவு கம்பெனியோடது, ஸ்க்ரீனுக்குனே தனி கண்ணாடி வேணும்னு வந்தா அதுவும். நான் 52, அப்படித்தான் வாங்கினேன். உங்க மில்லுலயும் கேட்டுப் பாருங்கண்ணா, ஹெல்மெட், ஷூ குடுக்கற மாதிரிதானே இதுவும், கேக்கறதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்ல.

பிசியோ_ஈரோடு:
மேல யாரும் தோள்பட்டயப் பத்திப் பேசல. கை பின்னால போகலனு சொல்றீங்க, சுகர் வேற, இது ஃப்ரோசன் ஷோல்டரா, அதாவது தோள் மூட்டு இறுகிப் போறதா, இருக்க வாய்ப்பு இருக்குங்க. சுகர்காரங்களுக்கு மத்தவங்கள விட இது அதிகமா வரும். மவுஸ தூரத்துல வெச்சு கைய நீட்டிட்டே இருந்தா வலி கூடும், ஆனா அத சரி பண்றதால மட்டும் இது போகாது. தைலம் தேச்சுட்டு நாள் கடத்தாதீங்க, எலும்பு டாக்டர்ட்ட காட்டுங்க, சம்பளம் 21,000க்குள்ள இருந்தா இஎஸ்ஐ இருக்குமே, அங்கயே போலாம். அதுவரைக்கும் கைய சுத்தமா அசைக்காம வெச்சுக்காதீங்க, அசைக்காம வுட்டா இன்னும் இறுகிரும்.

கோவை_ஸ்டோர்ஸ்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இன்னைக்கு அளந்து பாத்தனுங்க, 68 செமீ. மானிட்டருக்கு அடியில பழைய ரெஜிஸ்டர் மூணு வெச்சிருந்தாங்க, எடுத்துட்டேன், தாடைய தூக்கறது கொறஞ்சிருக்கு. ரெட்டினா செக்கப் பண்ணி 3 வருசம் ஆச்சுங்க, சனிக்கெழம லீவு சொல்லிட்டேன், கண்ணும் தோளும் ரெண்டையும் காட்டிட்டு வந்து எழுதறேன்.