ராஜா ஜோடியும் ஓயாமல் ஏற்றும் அண்ணனும்: லாஸ்பேட்டை மொட்டைமாடி அனுபவம்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை ஏழு பேர் உட்கார்ந்து போக்கர் ஆடுகிறோம். காசு வைப்பதில்லை. புளியங்கொட்டை 1, சோழி 5, கேரம் காய் 20 என்று கணக்கு, ஆளுக்கு 200. முடிவில் யாரிடம் குறைவாக மிஞ்சுகிறதோ அவர் விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் எல்லோருக்கும் காபி வாங்கித் தரவேண்டும்.

எங்களில் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் எந்தச் சீட்டு வந்தாலும் பந்தயத்தை ஏற்றுவார். இரண்டும் ஏழும் வந்தால்கூட எட்டு போடுவார். ஃப்ளாப் (அவரவர் கையில் உள்ள இரண்டு சீட்டு போக, எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கும் முதல் மூன்று சீட்டு) விழுந்தால் மறுபடி போடுவார். இப்படிப்பட்டவர் எதிரில் இருக்கும்போது கையில் பெரிய ஜோடி வந்தால் என்ன செய்வது என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

முதலில் தோற்ற கதை. ஆடி மாதம் எனக்கு ஏஸ் ஜோடி வந்தது. ஏஸ் ஜோடி வருவது 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. எங்கள் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 25 ஆட்டம் ஓடினாலே பெரிது, ஆகவே ராத்திரி முழுக்க உட்கார்ந்தால் ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். வந்த பொக்கிஷத்தை ஒளித்து வைப்போம் என்று அண்ணன் ஏற்றியதற்கு வெறுமனே கால் செய்தேன், அதாவது அவர் போட்ட அளவே நானும் போட்டேன். பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராக நுழைந்தார்கள், மொத்தம் ஐந்து பேர். ஃப்ளாப்பில் ஜாக்கி, ஏழு, ஆறு. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம் ஏழும் ஆறும், அதாவது இரண்டு ஜோடி. என் 200-ம் போனது. ஏஸ் ஜோடிக்கு எதிரே ஏதோ இரண்டு சீட்டோடு ஒருவர் மட்டும் இருந்தால் 85 சதவீதம் நம் பக்கம். நான்கு பேர் இருந்தால் அது 56-க்கு இறங்கிவிடும். சீட்டு அதேதான், கூட்டம்தான் அதைக் கெடுக்கிறது.

அப்புறம் கார்த்திகையில் ராஜா ஜோடி வந்தது, கிளாவரும் ஆட்டினும். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அண்ணனிடமும் என்னிடமும் சரியாக 200. பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடுவது) 1, 2. நான் பெரிய பிளைண்ட். அண்ணன் வழக்கம்போல 8 போட்டார், இரண்டு பேர் கால். இந்த முறை நான் யோசிக்கவில்லை, 40 ஆக்கினேன். இடையில் இருந்த இருவரும் சீட்டைக் கவிழ்த்து விலகினார்கள். அண்ணன் விடவில்லை. பானையில், அதாவது நடுவில் சேர்ந்தது, 97.

ஃப்ளாப்: ஒன்பது, நான்கு, இரண்டு, மூன்றும் வேறு வேறு ஜாதி. வரிசைக்கோ ஃப்ளஷ்ஷுக்கோ (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) காத்திருக்க அதிக வாய்ப்பில்லாத தரை. நான் போட்டால் வெறுங்கையோடு இருப்பவர் ஓடிவிடுவார். செக் செய்தால், அதாவது எதுவும் போடாமல் விட்டால், அண்ணன் தானே போடுவார். செக் செய்தேன், 50 போட்டார், கால் செய்தேன். (தரையில் ஜாக்கி, பத்து, ஒன்பது என்று விழுந்து அதில் இரண்டு ஆட்டின் இருந்திருந்தால் நானே போட்டிருப்பேன், இலவசமாக அடுத்த சீட்டைக் காட்டியிருக்க மாட்டேன்.)

டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) ஏஸ் விழுந்தது. வயிறு கலங்கிவிட்டது. செக் என்றேன். அண்ணன் மிச்சமிருந்த 110-ஐயும் தள்ளினார்.

பானையில் இப்போது 307. நான் 110 கொடுத்தால் மொத்தம் 417. நான்கில் ஒருமுறைக்குச் சற்று மேல் ஜெயித்தாலே கட்டுப்படியாகும். ஏஸ் விழுந்தால் அது தன்னிடம் இருப்பதுபோல அண்ணன் காட்டுவது அந்தக் கணக்கைவிட அடிக்கடி நடக்கும். அதற்கும் மேல் நான் பார்த்தது அவர் கையைத்தான். நல்ல சீட்டு இருந்தால் அண்ணன் புளியங்கொட்டையை ஐந்தைந்தாகப் பாயில் அடுக்கி எண்ணுவார். இல்லாதபோது புறங்கையால் மொத்தமாக ஒதுக்கித் தள்ளுவார். அன்றைக்குப் புறங்கை. இரண்டு கொட்டை பாயை விட்டு உருண்டு கைப்பிடிச் சுவர் வரை போனது. கால் என்றேன். அவரிடம் ஒன்பதும் எட்டும். ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு) டைமன் மூன்று, என் ராஜா ஜோடி ஜெயித்தது.

காபி அண்ணன் வாங்கினார். எப்படிக் கால் செய்தாய் என்று அங்கேயே கேட்டார், மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

---

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து:

அண்ணா, எனக்கு நேர்மாறாக நடந்தது. எங்கள் ஆட்டத்தில் ஒரு மாமா இருக்கிறார். ராத்திரி முழுக்க வாய் திறக்காமல் சீட்டைக் கவிழ்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு ராணி ஜோடி, 8 போட்டேன். மாமா 25. நான் 60. உடனே எல்லாவற்றையும் உள்ளே வைத்தார். பெரிய ஜோடியை விடக்கூடாது என்ற பிடிவாதத்தில் கால் செய்தேன். அவரிடம் ராஜா ஜோடி. அந்த நிலையில் ராணி ஜெயிப்பது ஐந்தில் ஒருமுறைதான், அந்த ஒருமுறை வரவில்லை. நீங்கள் சொல்கிற அண்ணனிடம் செய்ததை மாமாவிடம் செய்ததுதான் தப்பு. இன்னொன்று, ராணி கையில் இருந்தால் ஃப்ளாப்பில் ஏஸோ ராஜாவோ விழ 41 சதவீதம் இருக்கிறது. அப்போதும் செக் செய்து கால் செய்வீர்களா?

---

லாஸ்பேட்டையிலிருந்து:

தம்பி, அண்ணன் மாதிரி ஆளிடம் ஒருமுறை கால் செய்வேன், டர்னில் அவர் மறுபடி போடும் விதத்தைப் பார்த்து முடிவு செய்வேன். உங்கள் மாமா அப்படி எல்லாவற்றையும் உள்ளே வைத்தால் ராணியைக் கவிழ்த்துவிடுவேன், மனசு வலித்தாலும். ராஜாவைக் கவிழ்க்க மாட்டேன். ஆனால் கையைப் பார்த்து முடிவெடுப்பது இனி எனக்கும் கஷ்டம். போன மாதம் அண்ணன் கொட்டையைப் புறங்கையால் தள்ளினார், நம்பிக் கால் செய்தேன், மூன்று ஜாக்கி காட்டினார்.