லூஸ், லூஸ் ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது, எழுதும்போது மாறிடுது... எப்படி ஞாபகம் வெச்சுக்கறீங்க?

கவி_திருப்பூர்:

வணக்கம்ங்க. நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசிங்ல இருக்கேன், பன்னண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், தினமும் பையருக்கு, அதாவது எங்ககிட்ட துணி வாங்கற கம்பெனிக்கு, முப்பது நாப்பது மெயில் போகும். இங்கிலீஷ்ல பேசறது ஓரளவு வந்துடுச்சு, எழுதறதுல ஸ்பெல்லிங்தான் இன்னும் கால வாருது.

போன வாரம் ஒரு ஷிப்மென்ட் தள்ளிப் போறதப் பத்தி எழுதினேன். "இந்த ஆர்டரை நாங்க இழக்க விரும்பல"ன்னு சொல்ல வந்து, லூஸ்ங்கிற வார்த்தைக்கு ரெண்டு ஓ போட்டுட்டேன். அடுத்த வரியிலயே "உங்க அட்வைஸ் வேணும்"னு எழுதினதுல சி வர வேண்டிய எடத்துல எஸ். எங்க சீனியர் ஒருத்தர் டீம் மொத்தத்தையும் சிசி-ல வெச்சு, அந்த ரெண்டு வார்த்தைய மட்டும் மஞ்சக் கலர் அடிச்சு ரிப்ளை போட்டாரு. வேற ஒரு வரி கூட எழுதல. அன்னிக்கு மத்தியானம் எனக்கு சோறே எறங்கல.

எனக்குப் புரியாதது என்னன்னா ஸ்பெல் செக் ஆன்லதான் இருந்துச்சு, சிவப்புக் கோடு வரவே இல்ல. இது மட்டும் இல்லீங்க, ரிசீவ்ல ஈ முன்னாடியா ஐ முன்னாடியா, அஃபெக்ட் எஃபெக்ட், ஸ்டேஷனரி, பிரின்சிபல், இதுலயெல்லாம் ஒவ்வொரு தடவையும் கை நின்னுடுது. மனப்பாடம் பண்ணிப் பாத்தேன், ரெண்டு நாள்ல போயிடுது. நீங்கல்லாம் எப்படி ஞாபகம் வெச்சுக்கறீங்க?

---

ஓய்வு_வாத்தியார்:

அம்மா, முதல்ல ஒண்ணு சொல்றேன், நீங்க பண்ணின ரெண்டு தப்பும் உண்மையில ஒரே தப்புதான். முப்பது வருஷம் கவர்மென்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுத்திருக்கேன், இந்த ரெண்டையும் திருத்தாத வருஷமே கிடையாது.

தமிழ்ல ஸ் உண்டு, ஆனா இங்கிலீஷோட கடைசி எழுத்துக்கு வர்ற அந்த அதிர்ற சத்தம் நம்மகிட்ட கிடையாது. அதனால ரெண்டையும் நம்ம காது ஸ்-னே வாங்கிக்குது. கழுத்துல ரெண்டு விரல வெச்சுக்கிட்டு பாம்பு சீறுற மாதிரி ஸ்ஸ்ஸ்-னு சொல்லிப் பாருங்க, தொண்டை சும்மா இருக்கும். இப்ப தேனீ ரீங்காரம் பண்ற மாதிரி இழுத்துப் பாருங்க, விரலுக்குக் கீழ அதிரும். சட்டை தொளதொளன்னு இருக்குன்னு சொல்ற லூஸ் பாம்பு சத்தத்துல முடியும், இழக்கறதுங்கற லூஸ் தேனீ சத்தத்துல முடியும். அதே மாதிரி பெயர்ச்சொல்லா வர்ற அட்வைஸ் பாம்பு, வினைச்சொல்லா வர்ற அட்வைஸ் தேனீ. உங்க லைன்ல இன்னொண்ணும் வரும், கொட்டேஷன்ல விலைங்கிற பிரைஸ எழுதப் போய் பரிசுங்கிற பிரைஸ எழுதிடறது. அதுவும் இதே கதைதான்.

தமிழ்ல நாம பெரும்பாலும் கேக்கறத எழுதிடலாம். அந்தப் பழக்கத்துல இங்கிலீஷையும் காதை நம்பி எழுதறோம், அங்கதான் ஏமாந்து போறோம். அதனால சத்தத்தப் புடிக்காதீங்க, சொந்தக்காரங்களப் புடிங்க. இழந்தாச்சுங்கற லாஸ்ட், நஷ்டம்ங்கற லாஸ், இழக்கறதுங்கற லூஸ், மூணும் ஒரே குடும்பம், மூணுலயும் ஒரே ஒரு ஓ தான். அட்வைஸுக்கு நான் பசங்களுக்குச் சொல்லிக்குடுத்தது: ஐஸ் ஒரு பொருள், கையில எடுக்கலாம், அப்ப வார்த்தைக் கடைசியில ஐஸோட ஸ்பெல்லிங் இருந்தா அது பெயர்ச்சொல். டிவைஸ், பிராக்டிஸ் எல்லாம் இதே கணக்குல வரும். லைசென்ஸும் பிரிட்டிஷ் முறையில அப்படித்தான், பெயருக்கு சி, வினைக்கு எஸ். அமெரிக்காக்காரங்க பிராக்டிஸுக்கு ரெண்டுலயும் சி, லைசென்ஸுக்கு ரெண்டுலயும் எஸ் போட்டுடுவாங்க, உங்க பையர் எந்த ஊருன்னு பாத்துக்கோங்க.

ரிசீவ் விஷயத்துக்கு, ஈ-ன்னு இழுக்கற சத்தம் சி-க்கு அடுத்து வந்தா ஈ முன்னாடி, ஐ பின்னாடி. ரிசீவ், ரசீதுங்கற ரிசீட், டிசீவ், பர்சீவ், சீலிங் எல்லாம் இதுல அடங்கிடும். சி இல்லாத எடத்துல பிலீவ், அச்சீவ் மாதிரி ஐ முன்னாடி. பறிமுதல் பண்றதுங்கற சீஸ், வியர்டு, புரோட்டீன் மூணும் அடங்காத பிள்ளைங்க, அதத் தனியா எழுதி வெச்சுக்கணும். சைன்ஸ்ல சி-க்கு அடுத்து ஐ-ஈ வருதேன்னு கேப்பாங்க, அங்க ஈ சத்தமே இல்ல, அதனால அந்த விதிக்குள்ள அது வராது.

---

செக்கிங்_செல்வி:

கவி, நானும் திருப்பூர்தான், கார்மென்ட்ல கியூசி, தரம் பாக்கற வேலை. சார் சொன்னது கரெக்டு, ஆனா உனக்கு ரெண்டு ஓ ஏன் வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நம்ம இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்ல ஒரு நாளைக்கு எத்தனை தடவ லூஸ் த்ரெட், லூஸ் பட்டன்னு அடிக்கிறோம், சைஸ் சார்ட்ல லூஸ் ஃபிட். கைக்கு அந்த ரெண்டு ஓ பழகிப் போச்சு, மூளை யோசிக்கறதுக்கு முன்னாடி விரல் அடிச்சிடுது.

எனக்கு உதவினது நம்ம பேச்சுதான். பேண்ட் லூஸா இருக்கு, நட்டு லூஸ் ஆயிடுச்சு, லூஸ் மோஷன், லூஸ்ல விக்கிற எண்ணெய்... தமிழ் பேசும்போது நாம சொல்ற லூஸ் எல்லாமே ரெண்டு ஓ. இழக்கறத யாரும் தமிழ்ல லூஸ் பண்ணேன்னு சொல்றதில்ல, லாஸ் ஆயிடுச்சு, போச்சுன்னுதான் சொல்வோம்.

அஃபெக்ட் எஃபெக்ட்டும் அப்படியே. "மழையில புரொடக்‌ஷன் அஃபெக்ட் ஆயிடுச்சு", இதுல ஆயிடுச்சு ஒட்டுது, அப்ப அது வினை, ஏ-ல ஆரம்பிக்கும். "மாத்திரைக்கு சைடு எஃபெக்ட் இருக்கு", அது பொருள், ஈ-ல ஆரம்பிக்கும். சைடு அஃபெக்ட்னு யாராச்சும் சொல்லிக் கேட்டிருக்கியா? எங்கம்மா நாலாவது வரைக்கும்தான் படிச்சது, அது கூட இத மாத்திச் சொல்லாது. நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான், எழுதும்போதுதான் பயத்துல மறந்து போகுது.

---

அச்சுக்கூடம்:

நான் டிடிபி வேலை, அப்பா காலத்துல இருந்து அச்சகம். ஸ்டேஷனரி எங்க வாழ்நாள் பிரச்சனை. போர்டு அடிக்கக் குடுக்கறவங்க எழுதித் தர்ற துண்டுச்சீட்டுல பாதிக்குப் பாதி, நோட்டு பேனா விக்கிற கடைக்கு ஏ போட்டு எழுதியிருப்பாங்க. ஏ போட்டா "நகராம ஒரே எடத்துல நிக்கிறது"ன்னு அர்த்தம்.

ஆனா ரெண்டு வார்த்தையும் உண்மையிலயே கூடப்பொறந்ததுங்க. அந்தக் காலத்துல ஐரோப்பாவுல நெறைய வியாபாரிங்க தலைச்சுமையா ஊர் ஊரா அலைஞ்சு விக்கிறவங்க. புத்தகம், காகிதம் விக்கிறவங்க மட்டும் யுனிவர்சிட்டி பக்கத்துல, கோயில் பக்கத்துல ஒரே எடத்துல கடை போட்டு நின்னாங்க, லண்டன்ல செயின்ட் பால் தேவாலயத்தச் சுத்தி அப்படித்தான் இருந்திருக்கு. ஒரே எடத்துல நின்னு விக்கிறதால அவங்களுக்கு ஸ்டேஷனர்னே பேரு. 1403-லயே லண்டன்ல அவங்களுக்கு சங்கம் வந்தாச்சு, 1557-ல ராஜ சாசனமும் கெடச்சுது. அந்த ஸ்டேஷனர் கடைசியில வர்றது ஈ-ஆர். பேக்கர் கடை பேக்கரி, குரோசர் விக்கிறது குரோசரி, ஸ்டேஷனர் விக்கிறது ஸ்டேஷனரி, எல்லாத்துலயும் ஈ. இதத் தெரிஞ்சப்புறம் நான் ஒரு தடவ கூட மாத்தி அடிச்சதில்ல.

பிரின்சிபலுக்கு ரெண்டு வரி. தலைமைங்கிற அர்த்தம் வந்தா கடைசியில ஏ-எல், காலேஜ் பிரின்சிபல் தலைமை, பேங்க் லோன்ல வட்டிக்குத் தலையா நிக்கிற அசலும் பிரின்சிபல். கொள்கைன்னா எல்-ஈ, ரூல்ங்கிற வார்த்தையும் எல்-ஈ-லதான் முடியுது.

அப்புறம் ஊமை எழுத்து. கடன்ங்கிற டெட்ல பி ஃபார் பாய் எதுக்கு உக்காந்திருக்குன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். ஃபிரெஞ்சுல இருந்து வந்தப்ப அதுல அந்த எழுத்தே கிடையாது. பின்னாடி வந்த பண்டிதர்கள் லத்தீன் மூலத்துல அது இருக்கேன்னு கொண்டாந்து செருகிட்டாங்க, வாய் அத ஏத்துக்கல, எழுத்துல மட்டும் தங்கிடுச்சு. சந்தேகம்ங்கிற டவுட்லயும் இதே வேலை. ரசீதுல இருக்கற பி ஃபார் பென்னும் அப்படி வந்ததுதான். தீவுங்கிற ஐலண்டுக்கு அந்த எஸ் சொந்தமே இல்ல, தீவுன்னே அர்த்தம் வர்ற ஐல்ங்கிற வேற ஒரு வார்த்தையோட ஜாடையில வந்து ஒட்டிக்கிச்சு. எங்க தொழில்காரங்களுக்கும் இதுல பங்கு உண்டு. 1476-ல லண்டன் பக்கம் வெஸ்ட்மின்ஸ்டர்ல காக்ஸ்டன்ங்கிறவரு இங்கிலாந்தோட முதல் அச்சுக்கூடத்தப் போட்டாரு, அவரு இன்னிக்கு பெல்ஜியத்துல இருக்கற பிளாண்டர்ஸ் பக்கம் ரொம்ப காலம் இருந்துட்டு வந்தவரு, பேய்ங்கிற கோஸ்ட்ல எச் நுழைஞ்சது அந்த ஊர் எழுத்து வழக்கத்தாலதான். ஸ்பெல்லிங் அச்சுல கெட்டிப்பட ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் உச்சரிப்பு மாறிக்கிட்டே போச்சு. குதிரை வீரன்ங்கிற நைட்ல முன்னாடி நிக்கிற கே-ய ஒரு காலத்துல வாயால சொல்லியிருக்காங்க.

நம்மகிட்ட இது இல்லையா? பாதிங்கிற அரைக்கும் ரூம்ங்கிற அறைக்கும் இன்னிக்கு நாம பேசறதுல வித்தியாசம் கேக்குதா? சத்தம் ஒண்ணாயிடுச்சு, எழுத்து மட்டும் பழசக் காப்பாத்தி வெச்சிருக்கு. கல்யாணப் பத்திரிகை மேட்டர்ல திருமணத்துக்கு ரெண்டு சுழி போட்டு எழுதிட்டு வர்றவங்க நெறைய பேர், நான் அவங்களத் தனியாக் கூப்ட்டு, ஒரு சுழி சேத்துரலாமான்னு கேட்டுட்டுதான் மாத்துவேன்.

---

மதுரை_மாரி:

இவ்ளோ கஷ்டப்படணுமா? படிக்கிறவனுக்குப் புரிஞ்சா போதாதா? பையருக்கு விஷயம் புரிஞ்சுதா இல்லையா, அவ்ளோதான. இங்கிலீஷ்காரனே தப்பு தப்பா எழுதறான்.

---

ஓய்வு_வாத்தியார்:

தம்பி, நண்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பறதுக்கு நீங்க சொல்றது சரி. வேலைக் கடுதாசியில முன்னப் பின்ன தெரியாதவங்க நம்மள எடைபோடறது அந்த நாலு வரிய வெச்சுத்தான். அது நியாயமான்னு கேட்டா நியாயம் இல்ல, ஆனா கவி அந்த எடைக்கல்லுக்கு முன்னாடிதான் தினமும் நிக்கிறாங்க, அவங்களுக்கு வழி சொல்லணும். மஞ்சக் கலர் அடிச்சவரு ஒரு போன் பண்ணிச் சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். நாலு பேர் முன்னாடி திருத்துன பையன் அதுக்கப்புறம் எழுதறதையே கொறச்சுக்குவான், என் கிளாஸ்லயே அது நடந்திருக்கு, தப்பு பண்ணினது நான்தான், இன்னிக்கும் மனசு உறுத்துது.

---

டெஸ்டிங்_தினேஷ்:

கவி அக்கா, சிவப்புக் கோடு ஏன் வரலன்னு கேட்டீங்கல்ல. சாதாரண ஸ்பெல் செக் பாக்கறது இப்படி ஒரு வார்த்தை டிக்‌ஷனரியில இருக்கான்னுதான். ரெண்டு ஓ லூஸும் அதுல இருக்கற வார்த்தை, அதனால தாண்டிப் போயிடும். சில நேரம் நீலக் கோடு போட்டு இடம் பொருந்தலன்னு காட்டும், எப்பவும் காட்டாது, அத முழுசா நம்பாதீங்க.

நான் பண்றதச் சொல்றேன். வேர்டுல ரிவ்யூ டேப்ல ரீட் அலவுட்னு ஒண்ணு இருக்கு, மெயில அதுல போட்டு ஹெட்செட்ல கேப்பேன். நாம படிச்சா எழுத நெனச்சதப் படிப்போம், அது எழுதியிருக்கறதப் படிக்கும். வாத்தியார் சார் சொன்ன பாம்பு தேனீ வித்தியாசத்த அது சரியாவே சொல்லிடும், கொஞ்சம் காது பழகணும் அவ்ளோதான். அவங்களோடங்கிற தேர், அங்கங்கிற தேர் மாதிரி சத்தம் ஒண்ணா இருக்கறது அதுல சிக்காது. அதுக்கு எனக்கு அடிக்கடி மாறுற ஏழு எட்டு வார்த்தைய மானிட்டர்ல ஒரு சீட்டுல ஒட்டி வெச்சிருக்கேன், முக்கியமான மெயில்னா அந்த வார்த்தைங்கள மட்டும் கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடிப் பாத்துட்டு அனுப்புவேன். எல்லா வார்த்தையும் யாருக்கும் மாறாது அக்கா, ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு கை விரல்ல எண்ணற அளவுதான் திரும்பத் திரும்ப வரும்.

இட்ஸ்ல மேல கமா வருமா வராதான்னா, அந்த எடத்துல இட் ஈஸ்-னு விரிச்சுப் படிங்க, ஒத்து வந்தா கமா போடுங்க. "இதோட"ங்கிற அர்த்தம் வந்தா வேண்டாம்.

ஆஃபீஸ்ல ஜிமெயிலா இருந்தா செட்டிங்ஸ்ல அன்டூ சென்ட் நேரத்த 30 செகண்டுக்கு ஏத்தி வெச்சுக்கோங்க. அனுப்பின உடனேதான் தப்பு கண்ணுல படும், எனக்கு எத்தனையோ தடவ காப்பாத்தியிருக்கு.

---

கவி_திருப்பூர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. செல்வி அக்கா சொன்ன லூஸ் த்ரெட் படிச்சதும் நேத்து ரிப்போர்ட்ட எடுத்து எண்ணிப் பாத்தேன், ஒரே ஷீட்ல பதினாலு எடத்துல இருக்கு! ரெண்டு விரல கழுத்துல வெச்சு சத்தமா சொல்லிப் பாத்துட்டேன், பக்கத்து சீட்டுப் பொண்ணும் சேந்துக்கிச்சு, நெஜமாவே அதிருது சார்.

இன்னொண்ணு மட்டும் கேட்டுக்கறேன். பேக்கிங் லிஸ்ட்ல ஒவ்வொரு கலரும் செபரேட் பாலிபேக்னு வரும், அதுல நடுவுல ஏ-வா ஈ-யா? எனக்கு ஈ-ன்னுதான் பழக்கம்.

---

ஓய்வு_வாத்தியார்:

ஏ, அம்மா. தயார் பண்றதுங்கற பிரிப்பேர் இருக்குல்ல, அதுவும் செபரேட்டும் ஒரே லத்தீன் வேர்ல இருந்து வந்தது. பிரிப்பேர்ல நடுவுல உங்களுக்கு சந்தேகம் வராது, பி-ஏ-ஆர். செபரேட் நடுவுலயும் அதே பி-ஏ-ஆர்.

---

கவி_திருப்பூர்:

சார், இப்பத்தான் எங்க பேக்கிங் லிஸ்ட் டெம்ப்ளேட்டத் தொறந்து பாத்தேன். அதுலயே ஈ போட்டிருக்கு, நான் சேர்றதுக்கு முன்னாடி இருந்தே அப்படித்தான் போயிட்டிருக்கு போல. மாத்தி சேவ் பண்ணிட்டேன். டெம்ப்ளேட்டப் போட்டவரு மாடியில சாம்பிள் ரூம்ல இருக்காரு, மெயில் போடல, டீ டைம்ல நேர்ல போய் சொல்லிட்டு வரேன்.