பருமன் பற்றிய கூச்சலில் பசி மறந்துபோகிறதா?

செங்கதிர்:
2025 யுனிசெஃப் அறிக்கை வந்ததிலிருந்து எல்லோரும் ஒரே செய்தியைத்தான் பகிர்கிறீர்கள். உலக அளவில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் உடல்பருமன் 9.4 சதவீதம், எடைக்குறைவு 9.2 சதவீதம், முதல்முறையாகப் பருமன் முந்திவிட்டது என்று. சரி, உண்மைதான். ஆனால் 2000-இல் சுமார் 13 சதவீதமாக இருந்த எடைக்குறைவு இத்தனை வருடம் கழித்தும் 9.2-க்குத்தான் இறங்கியிருக்கிறது, அதைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை. தெற்காசியாவிலும் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலும் இன்றும் எடைக்குறைவுதான் அதிகம் என்று அதே அறிக்கை சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் மட்டும் 2024 கணக்குப்படி சுமார் 15 கோடி. கடுமையாக மெலிந்த பிள்ளையை ஒரு வயிற்றுப்போக்கே கொண்டுபோய்விடும், பருமனான பிள்ளைக்கு அந்த ஆபத்து இல்லை. இருக்கிற பணத்தை முதலில் எங்கே போடுவது?

தளிர்:
அவசரம் என்று நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் மேல்கையைச் சுற்றி மெலிவு பார்க்கும் வண்ண நாடா போடும்போது 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பில் வந்து நின்றால் அந்தப் பிள்ளைக்கு அன்றே சிகிச்சை தொடங்க வேண்டும். ஆனால் பசித்த பிள்ளை வேறு, பருத்த பிள்ளை வேறு என்று கோடு போடுகிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. பிள்ளைகளை அளக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு பிள்ளையின் எடையை மட்டும் அட்டையில் குறித்தால் வயதுக்குச் சரியாக இருக்கும், "நல்லா இருக்கான்" என்று அனுப்பிவிடுவார்கள். அதே பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி உயரம் எடுத்தால் வயதுக்கு ரொம்பக் குறைவு, அந்த உயரத்துக்கு எடை அதிகம், இரத்தம் பார்த்தால் சோகை வேறு. இவனை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? சின்ன வயதில் போதிய சத்து கிடைக்காமல் வளர்ச்சி நின்று, அப்புறம் மாவும் சர்க்கரையும் எண்ணெயுமாகச் சாப்பிட்டு எடை வேகமாக ஏறும் உடல் இது. வயிறு நிறைகிறது, சத்துதான் சேரவில்லை.

வேல்விழி:
எதற்கு இவ்வளவு சுற்று? வீட்டில் என்ன சமைப்பது, பிள்ளை எவ்வளவு நேரம் போனில் கிடப்பது என்பதைப் பெற்றவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். சர்க்கரைப் பானத்துக்கு வரி, பொட்டலத்தில் எச்சரிக்கை லேபிள் என்று எல்லாவற்றையும் அரசாங்கத்தின் தலையில் கட்டினால் வீட்டில் யாருமே பொறுப்பெடுக்க மாட்டார்கள்.

தளிர்:
1975-இல் 5 முதல் 19 வயதுக்குள் பருமனானவர்கள் உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி, 2016-இல் 12.4 கோடி. இந்த நாற்பது வருடத்தில் எல்லா நாட்டுப் பெற்றோருக்கும் சேர்ந்தாற்போல் பொறுப்பு போய்விட்டதா? மாறியது கடை அலமாரி, மாறியது விளம்பரம். பிரிட்டனில் குளிர்பானத்தில் 100 மில்லிக்கு 5 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை இருந்தால் வரி என்று 2016-இல் அறிவித்தார்கள், 2018-இல் அமலுக்கு வருவதற்குள்ளேயே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. எந்தத் தாய் அதட்டியும் நடக்காதது அது.

வேல்விழி:
அந்த வரிக்குப் பிறகு 10, 11 வயதுப் பெண் பிள்ளைகளிடம்தான் பருமன் குறைந்ததாக ஆய்வு சொன்னது, ஆண் பிள்ளைகளிடம் மாற்றம் தெரியவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தளிர்:
சொல்கிறேன், அதனால்தான் வரி மட்டும் போதாது என்கிறேன். சிலி நாட்டில் 2016-இல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு போன்றவை மிகுந்த உணவுகளுக்குப் பொட்டலத்தின் முன்பக்கம் எச்சரிக்கையாகக் கறுப்பு எண்கோண முத்திரை, பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு, பள்ளியில் விற்கத் தடை மூன்றையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். செங்கதிர், உங்கள் பணக் கேள்விக்கும் இதுதான் பதில். இதற்கெல்லாம் மெலிந்த பிள்ளையின் சிகிச்சை நிதியில் கைவைக்க வேண்டியதே இல்லை, வரியில் பணம் உள்ளேதான் வரும்.

செங்கதிர்:
உள்ளே வரும், பொதுக் கஜானாவில் கரைந்தும் போகும். பட்ஜெட் இறுகினால் முதலில் வெட்டுவது பேச வாய் இல்லாதவர்களின் ஒதுக்கீட்டைத்தான். பிள்ளைகளுக்கு உயரமும் கட்டாயம் அளக்க வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அந்த வரிப்பணத்தில் ஒரு பங்கு மெலிவுச் சிகிச்சைக்கு என்று சட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தப் பிரிவு இல்லாத மசோதாவை நான் எதிர்ப்பேன்.