கந்தன் என்ற பெயருக்கு எந்தப் பொருளைச் சொல்லிக் கொடுப்பது?

கல்லடி டீச்சர்:
ஞாயிறு அறநெறி வகுப்பில், ஆறு குழந்தைகளையும் உமையம்மை சேர்த்தணைத்து ஒன்றாக்கியதால்தான் கந்தன் என்று பெயர் வந்தது என்றேன். முன்வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, "கந்தம் என்றால் வாசம்தானே டீச்சர்? சந்தனம் பூசிற சாமி, அதுதான் கந்தன்" என்றாள். வீட்டுக்கு வந்து தம்பியிடம் கேட்டால், வடமொழியில் அதற்கு 'வழுவி விழுந்தவன்' என்று பொருளாம். அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்ல?

மண்டூரான்:
மகள், நீங்கள் சொன்னது கச்சியப்பர் வாக்கு. கந்தபுராணத்தில் சிவன் உமையிடம் சொல்கிறார்: "சேயவன் வடிவம் ஆறும் திரட்டிநீ ஒன்றாச் செய்தாய், ஆயதனாலே கந்தன்." புராணப் படிப்பில் நான் பாட்டுக்குப் பயன், அதாவது பொருள், சொல்லும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நிற்பேன். எங்கள் மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் வாய் கட்டித்தான் பூசை செய்வார், முன்னால் திரை தொங்கும். திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களுக்குப் பெயர்தான் கைப்பிடி. அதனால் பொருளை விட்டுவிடாதீர்கள்.

வந்தாறுமூலை மாணவி:
தம்பி சொன்னதும் பிழை இல்லை அக்கா. வால்மீகி ராமாயணம், பாலகாண்டம் 37ஆம் சருக்கத்தில், கரு வழுவி வெளிப்பட்டதால் தேவர்கள் ஸ்கந்தன் என்றார்கள் என்று வருகிறது. அந்தப் பெயருக்கு வேரான வடமொழி வினைக்குப் பாய்தல் என்ற பொருளும் உண்டு. எனக்குப் பிடித்தது சாந்தோக்கிய உபநிடதம்தான். ஏழாம் அத்தியாயத்தின் முடிவில், நாரதருக்கு இருளின் மறுகரையைக் காட்டிய சனற்குமார முனிவரை 'ஸ்கந்தன் என்பர்' என்கிறது. வாசனையைக் குறிக்கிற கந்தம் வேறு சொல். தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

மண்டூரான்:
அது சரி பிள்ளை. ஆனால் அந்தச் சின்னவளைப் பிழை என்று சொல்லி இருத்திவிட வேண்டாம். 'முருகு' என்ற நம் சொல்லுக்கு அழகு, இளமை என்பதோடு மணம் என்றும் பொருள் இருக்கிறது. அவள் சொன்ன பொருள் சரியான சாமிக்குத்தான் போயிருக்கிறது, பெயர்தான் மாறிவிட்டது.

கல்லடி டீச்சர்:
இது எனக்குத் தோன்றவே இல்லை ஐயா. சேர்த்தணைத்த கதையை முதலில் சொல்லிவிட்டு, கரும்பலகையில் 'முருகு' என்று அவளையே எழுதச் சொல்லப் போகிறேன். வழுவி விழுந்த கதை பெரிய வகுப்புக்கு இருக்கட்டும்.